வலது கண் மட்டும்

ஆசாரிபள்ளம். இரவு டியூட்டி.
பத்தே முக்காலுக்குக் கொண்டுவந்தார்கள்
சுருளகோட்டுப் பொன்னையனை.
வாழைக்கு மருந்தடித்தவர்.
எதிர்க்காற்று என்றாள் மனைவி.
காற்றா, வேறேதுமா என்று கேட்க
போலீஸ் சீட்டில் ஒரு கட்டம் உண்டு.
அதைக் காலியாக விட்டு வைத்தேன்.

வெளியே மாசி.
இலை கொட்டிய ரப்பர் மலை வறண்டு கிடக்க
இவர் நெஞ்சுக்குள் மட்டும் இடவப்பாதி.
வாயில் நுரை, மூக்கில் நீர், கண்ணில் நீர்,
சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வேர்வை.
கண்மணி இரண்டும்
ஊசி குத்திய துளை.
கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி
தன் தண்ணீரிலேயே ஒருவர் முங்குகிறார்.

"அட்ரோபின்" என்றார் ஆயிஷா டாக்டர்.
இருபத்து நாலு வயது.
குரல் நடுங்கவில்லை, கை நடுங்கியது.

ஆம்பூலின் கழுத்தை ஒடித்தேன்.
டக்.
மறுபடியும் டக்.
சவக்கிடங்கு மதிலோரம் சாக்கடை குடித்து
வெள்ளைக் குழலாய்ப் பூத்து நிற்கிறதே ஊமத்தை,
ஆடும் முகர்ந்துவிட்டு விலகிப் போகுமே,
அதன் ரத்த உறவு இந்தக் கண்ணாடிக்குள்.
நல்ல உடம்பில் இறங்கினால்
நாக்கு வறளும், நெஞ்சு அடித்துக்கொள்ளும்,
கூடிப்போனால் புத்தி கலங்கும்.
அந்தக் கெடுதல்தான் இன்றைக்கு வேண்டும் எங்களுக்கு.
வறளட்டும். அடித்துக்கொள்ளட்டும்.

ஸ்டெதஸ்கோப்பில் கஞ்சிப் பானை கொதிக்கிறது.
போதாது.
டக். டக்.
தட்டில் ஒடிந்த கழுத்துகள் நாற்பதைத் தாண்டியபோது
ஸ்டோர் சாவி தேடி ஆள் ஓடியது.
நெற்றி வேர்வையை
எந்தக் கையால் துடைத்தேனோ, நினைவில்லை.

ஒன்றரைக்கு மகன் வந்தான், சுபின்.
காவி வேட்டி, வெறுங்கால், கையில் ஓலை விசிறி.
பன்னிரண்டு சிவன் கோயிலும் ஓட வேண்டியவன்
ஐந்தாவதில், பொன்மனையில், போன் வந்து நின்றவன்.
"கோவிந்தா கோபாலா" கத்திக் கத்தித்
தொண்டை கட்டியிருந்தது.
என்ன கேட்டான் என்றே முதலில் புரியவில்லை.

இரண்டரைக்கு நுரை நின்றது.
பானை அடங்கியது. நாடி நூற்றிப் பத்து.
கடுகாய்க் கிடந்த கண்மணி மெல்ல
மிளகளவு ஆனது.
கூடவே உடம்பு அடுப்புச் சட்டியாய்ச் சுட்டது;
வேர்க்க மறந்த உடம்பு.
ஈரத்துணி போர்த்தி, "வீசு தம்பி" என்றேன்.
சாமிக்கு வீச எடுத்த விசிறி.
ஒரு கணம் தயங்கினான்.
பிறகு விடியும்வரை கை மாற்றவில்லை.

பொன்னையன் போர்வையில் நூல் பொறுக்கினார்.
காற்றில் கை நீட்டிக் குலை எண்ணினார்:
"மட்டி ஏழு, செந்துளுவன் மூணு...
லே, அந்த வாழைக்கு முட்டுக் குடு, சாயுது."
என்னைப் பார்த்து, "பிள்ளே, இத்திரி வெள்ளம்."
மறுபடி எண்ணி, இடையில் தணிந்து,
"பேங்குக்காரன் வந்தா நான் இல்லேன்னு சொல்லு."

மனைவி தரையைப் பார்த்தாள்.
சுபின் என்னைப் பார்த்தான்:
"அப்பாவுக்குப் பைத்தியமா சிஸ்டர்?"
"மருந்து ஏறியிருக்கு. இனி குறைக்கலாம்."
ஆயிஷா ஏற்கெனவே சொட்டைக் குறைத்திருந்தார்.
சீட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

விடிந்து முகம் கழுவக் குனிந்தால், கண்ணாடியில்
என் வலது கண்மணி மட்டும்
நாவற்பழமாய் விரிந்து நிற்கிறது.

பஸ் ஸ்டாப்பில் வெயில் பாதி முகத்தில் குத்தியது.
போர்டில் இடக்கண் "குலசேகரம்" படிக்க
வலக்கண் பாலைக் கொட்டியது.
மதிலோர ஊமத்தையில் ஐந்து பூ;
நாளை சிவராத்திரி, யாராவது பறிப்பார்கள்.
இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு
அவர் பார்த்ததைக் கொஞ்சம் பார்க்க நினைத்தேன்.
குலை இல்லை, வாழை இல்லை.
ஓரமே இல்லாத வெளிச்சம்.

"கண்ணுக்கு என்னக்கா?" என்றார் கண்டக்டர்.
"ஒண்ணுமில்ல. ஒரு வாரத்துல சுருங்கிடும்."
சில்லறையைக் கையில் வைத்தார்.
எண்ணாமல் பையில் போட்டேன்.